வாளியத் திட்டுன வெள்ளத்தாயி

“ஒன் மூஞ்சிக்கு முப்பது ரூவாச் சேலை பத்தாதாக்கும்? பட்டக் கட்டிக்கிட்டு எந்த ராசா அரமனைக்குப் போப்போறவ நீ?”

வெள்ளத்தாயி தன் மதினி கருத்தம்மாளப் பாத்து இப்பிடித்தான் கேட்டா. கல்யாணம் முடிஞ்சு மூணாம் நாளு. கழுத்துல மஞ்சக்கயிறு ஈரம் கூடக் காயல. புருசனோட அக்காளப் பாத்து ‘நீ’ன்னுட்டா. தெருவுல கோலம் போட்டுக்கிட்டு இருந்தவளுக எல்லாம் கையில மாவோட அப்பிடியே நிமுந்துட்டாளுக.

விசயம் ஒண்ணும் பெருசில்ல. கல்யாணத்துக்கு நாத்தனாளுக்குன்னு பொண்ணு வீட்டுல ஒரு சேலை எடுத்துப் போடணும்லா? வெள்ளத்தாயியோட ஆத்தா மகாராசபுரத்துக்காரி, கையி இறுக்கம். சீவில்லிபுத்தூர்ல போயி முப்பது ரூவாய்க்கு ஒரு செவப்புச் சேலை எடுத்தாந்தா. கருத்தம்மா அதக் கட்டிக்கிட்டுத்தான் தம்பிக்குப் பின்னால நின்னு மூணாம் முடிச்சுப் போட்டா. பொண்ணு மாப்பிள்ள ஊர்வலம் போகையில மழை பிடிச்சுக்கிட்டு. சேலைச் சாயம் மொத்தமும் வழிஞ்சு, பாவாடை செவப்பு, காலு செவப்பு, நடந்த தடமெல்லாம் செவப்பு. பாத்தவன்லாம் சிரிச்சான். அந்த வயித்தெரிச்சல்ல மூணு நாளு பொறுத்து, “ஒங்காத்தாளுக்குக் கண்ணு பொட்டையாட்டி?”ன்னு அவ கேட்டா. அதுக்குத்தான் இவ இப்பிடிச் சொன்னா.

“இனி ஒங்கூட ஒரு வார்த்தை பேசுனேன்னா எம்நாக்கு அழுகி விழட்டும்”னா கருத்தம்மா.

“விழட்டும். தெரு சுத்தமாவும்”னா வெள்ளத்தாயி.

அது எண்பத்தொண்ணுல. அதுக்குப் பொறவு ஆறு வருசம் ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. ஆனா வாயி சும்மா கெடக்குமா? ஒரே வளவு, நடுவுல ஒரு மண்சுவரு. வேலையும் ஒரே எடம், ராசபாளையத்துல சத்திரப்பட்டி ரோட்டுல இருந்த பேண்டேசுத் துணி வெளுக்குற பட்டறை. கருத்தம்மாளுக்கு வெளக்குமாறு, வெள்ளத்தாயிக்கு ஓட்டை வாளி. ஒருத்திக்கு ஒருத்தி சொல்லணும்னு தோணுனா வெளக்குமாத்தப் பாத்து அவ திட்டுவா, வாளியப் பாத்து இவ திட்டுவா. “ஏ வாளி, அரிசி தீந்துட்டுன்னு வாயத் தொறந்து சொன்னா முத்தா உதுந்துரும்?” அப்பிடின்னா, கருத்தம்மா வீட்டு அரிசி தீந்தது இவளுக்குத் தெரியும்னு அருத்தம். சாயங்காலம் சுவத்து மேல ஒரு படி அரிசி இருக்கும். எடுத்துக்கிட்டு அவ வெளக்குமாத்தத் திட்டுவா, “கல்லு பொறுக்காம அரிசி வைக்குறா பாரு”ன்னு.

கருத்தம்மா புருசன் லாரியில அடிபட்டுச் செத்தான். அன்னைக்குக் கூட ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு, மாருல மாருல அடிச்சு அழுதாளுக. பேசிக்கிடல.

நடுவுல கெடந்து சீரழிஞ்சவன் பால்பாண்டிதான். அவளுக்குத் தம்பி, இவளுக்குப் புருசன். அதே பட்டறையில பாய்லருக்கு வெறகு போடுற வேலை. ஒண்ணுக்கும் ஒதவாத சாது. ஆத்தா இல்லாத பயல அக்காக்காரிதான் இடுப்புல தூக்கி வளத்தா. வெள்ளத்தாயியும் அவன எம்புட்டுத் திட்டுனாலும், அவன் வந்து ஒக்காராம ஒரு வாயி சோறு எறங்காது அவளுக்கு. ரெண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விசயம் அந்தப் பயதான்.

எண்பத்தேழு சித்திரையில வந்தானுவ வழுக்கனுவ.

மொதல்ல பிளவக்கல் அணைக்குள்ளதான் எறங்குனானுவ. வானத்துல இருந்து ஒரு பெரிய கருப்புச் சிப்பி கணக்கா வந்து தண்ணிக்குள்ள உக்காந்துச்சு. மூணே நாள்ல அணைத் தண்ணியக் குடிச்சுத் தீத்துட்டானுவ. பொறவு வத்ராப்பு, மகாராசபுரம், சீவில்லிபுத்தூரு, ராசபாளையம்னு வரிசையா எறங்கி வந்தானுவ. பனங்கன்னு ஒசரம், சாம்பக் கலரு, தலையச் சுத்திக் கண்ணு, கையிக்குப் பதிலு மூணு சாட்டை. ஒடம்பு பூரா மெழுகெண்ண பூசுனாப்புல வழவழன்னு இருக்கும். போலீசுக்காரவுக சுட்ட குண்டு அது மேல பட்டா வழுக்கி விழும். மதுரையில இருந்து வந்த பட்டாளத்துக்காரவுக பீரங்கி வச்சாக. புகை அடங்குனதும் அதே எடத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தானுவ. திரும்பிப் போக ஒரு பட்டாளத்தானும் மிஞ்சல. பஸ் ஸ்டாண்டுல கெடந்த பொணத்த எடுக்க ஆளில்ல. நாயி தின்னுச்சு.

ஆளுகள அவனுவ கொன்னது கோவத்துல இல்ல. தண்ணிக்கு. ஆளத் தலைகீழாக் கட்டித் தொங்கவிட்டு, தொடையில ஒரு குழாயச் சொருகி, ஒடம்புல இருக்குற ஈரத்த உறிஞ்சிருவானுவ. முடிஞ்ச பொறவு மிஞ்சுறது வெயில்ல காயவச்ச கருவாடுதான். கிணறு குளமெல்லாம் குடிச்சு முடிச்ச பொறவு மனுசனக் குடிக்க ஆரம்பிச்சானுவ. 

வெயிலு அவனுவளுக்கு ஆகாது. தோலு காஞ்சா வெடிச்சிரும். அதுக்காக ஒடம்பு பூரா ஈரத்துணியச் சுத்திக்கிடுவானுவ. எந்தத் துணியும் சரிப்படல. பேண்டேசுத் துணிதான் தண்ணியப் பிடிச்சு வச்சுச்சு. அதனால சத்திரப்பட்டி ரோட்டுப் பட்டறையில பத்து வழுக்கனுவ வந்து உக்காந்துக்கிட்டானுவ. பொம்பளைக வெளுக்கணும், அவனுவ சுத்திக்கிடணும். ஆம்பளைகள எல்லாம் துணி காயப்போடுற கொட்டகைக்குள்ள கொண்டு போயி மூங்கில்ல வரிசையாத் தொங்கவிட்டானுவ. பால்பாண்டி அந்த வரிசையில கடைசிப் பக்கம். உறிஞ்சுறதுக்கு முன்னால வாடிறக் கூடாதுன்னு காலையில ஒரு சொம்புக் கஞ்சி வாயில ஊத்துவானுவ. தினம் மொதல் பக்கத்துல இருந்து ஆளு கொறையும். வெள்ளத்தாயி துணிக்கட்டத் தூக்கிட்டுப் போகையில கொட்டகைக்குள்ள ஒரு பார்வை பாப்பா. கருத்தம்மாளும் பாப்பா. அவன் இன்னும் இருக்கானா, வரிசை எம்புட்டுத் தூரம் வந்துருக்கு. அம்புட்டுத்தான் அவளுகளுக்கு ஒலகம்.

பேசக்கூடாது. அதுதான் வழுக்கனுவ போட்ட சட்டம். மனுசனும் மனுசனும் மூஞ்சியப் பாத்துப் பேசுனா அங்கனயே சாவு. அவனுவகிட்ட ஒரு பெட்டி இருந்துச்சு. நம்ம பேச்ச அவனுவளுக்குச் சொல்லும், அவனுவ பேச்ச நமக்குச் சொல்லும், ரேடியோவுல செய்தி வாசிக்குறாப்புல.

“இரண்டு மாடுகள் பேசினால் இரண்டும் அழியும்”னுச்சு பெட்டி.

பட்டறை மொதலாளி வைகுண்டராஜு நம்பல. கணக்குப்பிள்ளையப் பாத்துத் திரும்பி, “என்னய்யா இது”ன்னாரு. பேச்சு முடியல. பெரிய வழுக்கன் சாட்டைய வீசுனான். ரெண்டு தலையும் ஒரே வீச்சுல போயி வெளுத்த துணிமேல விழுந்துச்சு. அந்தத் துணிய மறுபடியும் வெளுக்கச் சொன்னான் பாவி.

ரெண்டாம் நாளு வேலுத்தாயின்னு ஒரு பொண்ணு. கொப்பரையில இருந்து துணிய எடுக்கையில கைதவறி ஒரு சொட்டுச் சோடாத் தண்ணி வழுக்கன் ஒருத்தன் காலுல தெறிச்சுட்டு. வெளுக்குற வேலைன்னா என்னன்னு தெரியணும். தறியில இருந்து வர்ற துணியில பஞ்செண்ண இருக்கும், தண்ணிய உறிஞ்சாது. பெரிய இரும்புக் கொப்பரையில துணியப் போட்டு, காஸ்டிக் சோடாவக் கொட்டி, மூடிய இறுக்கி, ஆவியில கொதிக்கவிட்டா எண்ண எல்லாம் கழண்டுரும். அந்தத் தண்ணி கையில பட்டா நமக்கே தோலு உரியும். வழுக்கன் காலுல பட்ட எடத்துல மெழுகு கழண்டு, உள்ள இருந்த சதை அழுகுன பப்பாளி கணக்கா ஒழுகுச்சு. அவன் போட்ட கூப்பாட்டுல ஆஸ்பெஸ்டாஸ் கூரை அதிர்ந்துச்சு.

வேலுத்தாயிய நாலாக் கிழிச்சுட்டானுவ. எல்லாரும் பாக்க.

பொறவு கொப்பரைப் பக்கம் அவனுவ வரதில்ல. கொடுக்குற ஒவ்வொரு துணியையும் பொம்பளைக வாயில வச்சுச் சப்பிக் காட்டணும். நாக்கு எரியலன்னாதான் வாங்கிக்கிடுவானுவ. அம்புட்டுச் சூதானம். ஆனா சோடா டின்ன மட்டும் எடுத்து எறியல. மாடு என்ன செஞ்சிரும்னு நெனப்பு.

வெள்ளத்தாயிக்கு வாயி அடங்கி இருக்க முடியுமா? ரெண்டாம் நாளே துணிய அலசிக்கிட்டே வாளியத் திட்ட ஆரம்பிச்சுட்டா. கை தன்னால வாளியத் தட்டுச்சு, வாயி தன்னாலத் தொறந்துச்சு. மத்தவளுக எல்லாம் கண்ண மூடிக்கிட்டாளுக, இவ தலையும் போச்சுன்னு. வழுக்கன் வந்து நின்னான். இவ மூஞ்சி எங்க பாக்குதுன்னு பாத்தான். வாளிய. வாளி பதில் சொல்லுதான்னு பாத்தான். வாளி என்னத்தச் சொல்லும்? போயிட்டான். உடனே அங்கிட்டு கருத்தம்மா வெளக்குமாத்தத் தூக்கி வச்சுக்கிட்டுத் தொடங்கிட்டா.

மொதல்ல பெட்டி அம்புட்டையும் அவனுவளுக்குச் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. விடிஞ்சதுல இருந்து பொழுதடையுற வரைக்கும் ரெண்டு பேரும் நிறுத்தல. ஆத்தாளத் திட்டுனாளுக, அரிசியத் திட்டுனாளுக, சாயம் போன சேலையத் திட்டுனாளுக. நாலாம் நாளு பெரிய வழுக்கன் பெட்டியத் தட்டி, “இவை பாத்திரத்தோடு சண்டை போடுகின்றன. மூளை பழுது. வேலைக்கு ஆகும். இனி இவற்றின் ஒலி வேண்டாம்”னான்.

நெசமாவே கேக்கலையான்னு தெரியணுமே. மறுநா வெள்ளத்தாயி வாளியத் தூக்கி நேரா அவன் காலடியில வச்சா.

“ஏ வாளி, இந்தா நிக்குதே ஒரு ஊளமூக்கு, நனைஞ்ச பன்னிக்குப் பொறந்தது, இது ஆத்தா இதப் பெத்தாளா பேண்டாளா?”

பெட்டி மூச்சு விடல. பெரிய வழுக்கன் அசையல. தூரத்துல கருத்தம்மா வெளக்குமாத்தால மொகத்த மறைச்சுக்கிட்டுக் குலுங்குனா. ஆறு வருசத்துல வெள்ளத்தாயி பேச்சுக்கு அவ சிரிச்சது அன்னைக்குத்தான்.

அன்னைக்கே தொடங்கிட்டாளுக. கருத்தம்மா ஓடையக் கூட்டிக்கிட்டே வெளக்குமாத்த வைஞ்சா:

“ஏ மூதி, இந்தக் கொப்பரைத் தண்ணி தொறந்துவிட்டா இந்த ஓடை வழியாத்தான வெளிய போவுது? கடைசியில துணிய வச்சு அடைச்சா எங்க போவும்? தொட்டிக்குள்ளதான ஏறும்? இது கூட ஒனக்கு நான் சொல்லணுமா?”

தொட்டின்னா தரையோட தரையாத் தோண்டுன அலசுற தொட்டி, ஓடை ஓரமா வரிசையா இருக்கும். உச்சி வெயிலுக்கு வழுக்கனுவ அதுக்குள்ளதான் துணியச் சுத்திக்கிட்டு எருமை கணக்கா அமுங்கிக் கெடப்பானுவ.

வெள்ளத்தாயி வாளிய ஒரு ஒதை ஒதச்சா. “அடைக்குறவ அடைச்சா, வால்வத் தொறக்குறவ தொறக்க மாட்டாளாக்கும்? சோடா ஒரு டின்னு போட்டாப் பத்துமா? இருக்குற அம்புட்டையும் கொட்டணும். மெதுவாக் கொட்டணும். அவசரத்துக்குப் பொறந்தவளுக சாமியாடி எல்லாத்தையும் கெடுத்துறக் கூடாது.”

“யாருடி வெளக்குமாறே அவசரத்துக்குப் பொறந்தவ? எவளோ ஒருத்தி கல்யாணம் முடிஞ்ச மூணாம் நாளே வாயக் கிழிச்சாளே, அவளச் சொல்லுதியா?”

“ஏ வாளி, வேலையப் பாக்கச் சொல்லு.”

பட்டறையில மிச்சம் இருந்த பொம்பளைக அம்புட்டுப் பேருக்கும் காது இருந்துச்சுல்லா? ராசபாளையத்துல பொறந்தவளுக்கு இதெல்லாம் வெளக்கியா சொல்லணும்? ஒருத்தி தொட்டிச் சுவரத் திட்டுனா, ஒருத்தி மூங்கிலத் திட்டுனா. துணியக் கொப்பரைக்குள்ள அமுக்குற நீட்டு மூங்கில் கழியெல்லாம் தொட்டிப் பக்கம் வந்து சாஞ்சு நின்னுச்சு. சோடா டின்னு ஒண்ணொண்ணாக் கொப்பரைக்குள்ள போச்சு.

வெள்ளிக்கெழமைன்னு வெளக்குமாத்துகிட்ட முடிவாச்சு. அதுக்குள்ள வரிசை பால்பாண்டிகிட்ட வராதுன்னு ரெண்டு பேரும் கணக்குப் போட்டிருந்தாளுக. 

வியாழக்கெழம உச்சியில, பத்துல ஒம்பது வழுக்கனுவ தொட்டிக்குள்ள எறங்கியாச்சு. பெரியவன் மட்டும் கொட்டகைக்குள்ள போனான். வரிசையில பாதிப் பேரு தாகத்துல தானாவே செத்துக் காஞ்சு போயிருந்தாக. அவுகளத் தள்ளிட்டு, உயிரோட இருக்குற ஆளத் தேடிக் கடைசிப் பக்கத்துக்கே வந்துட்டான்.

“யம்மா! யக்கா!”

பால்பாண்டி சத்தம். குழாய் எறங்கிட்டு.

வெள்ளத்தாயி வாளியத் தரையில ஓங்கி அடிச்சா. “வெள்ளி என்ன வெள்ளி! இப்பத்தான்! இப்பத்தான்!”

கருத்தம்மா அதுக்கு முன்னாலேயே குனிஞ்சுட்டா. வெளக்குமாத்தையும், அரைக்கட்டுத் துணியையும், கடைசியில தன் முந்தானையவும் கிழிச்சு ஓடை வாயில திணிச்சு, மேல ஒரு கல்ல உருட்டி வச்சா. வெள்ளத்தாயி வால்வத் திருகுனா. துருப்பிடிச்சுக் கெடந்துச்சு, அசையல. கடப்பாரைய உள்ள குடுத்துத் தொங்குனா. ஒரு பக்கம் கையில இருந்த தோலு சூட்டுல ஒட்டிக்கிட்டு உரியுது, விடல. டொக்குன்னு தொறந்துச்சு.

கொதிக்குற சோடாத் தண்ணி ஓடையில பாஞ்சு, அடைப்புல முட்டித் திரும்பி, கரை வழிஞ்சு தொட்டிக்குள்ள விழுந்துச்சு.

அந்தச் சத்தத்தச் சொல்லி முடியாது. ஒம்பது பேரும் ஒரே நேரத்துல அலறுனானுவ. சுத்தியிருந்த துணியே அவனுவளுக்கு எமன். சோடாவ உறிஞ்சி ஒடம்போட ஒட்டிக்கிட்டு. மெழுகு கழண்டு மேல மஞ்ச நொரையா மெதந்துச்சு. எந்திரிச்சவன் தோலு காலடியிலயே நின்னுட்டு. ஒருத்தன் சாட்டைய வீசுனான், சாட்டை பாதியில கழண்டு போயி சுவத்துல அப்பிக்கிட்டு. மூணு பொம்பளைகள அவனுவ இழுத்துப் போட்டானுவ உள்ள. அவளுகளும் வெந்தாளுக. மத்தவளுக மூங்கில் கழிய எடுத்துத் துணிய அமுக்குற மாதிரியே தலைய அமுக்குனாளுக. கரையேறுனவன் கண்ணுல குத்துனாளுக. ஒருத்தி வேலுத்தாயி பேரச் சொல்லிச் சொல்லி, செத்துக் கூழாப் போனத அடிச்சுக்கிட்டே இருந்தா. பெத்தவ.

பெரியவன் கொட்டகையில இருந்து வந்தான். அவன் ஒடம்புல சொட்டுச் சோடா படல. வந்த வேகத்துல ரெண்டு பொம்பளைகள ரெண்டாக்குனான். வெள்ளத்தாயி மேல ஒரு வீச்சு. குறுக்க வாளியத் தூக்குனா. வாளி பொளந்துச்சு, அவ இடது கையில ரெண்டு விரல் போச்சு. விழுந்துட்டா. அவன் ரெண்டாவது சாட்டைய ஓங்கையில கொப்பரை மேடையில இருந்து ஒரு சத்தம்.

“ஏலே ஊளமூக்கா! நனைஞ்ச பன்னி! இங்க வால!”

கருத்தம்மா. மொதத் தடவையா நேரா அவன் மூஞ்சியப் பாத்துத் திட்டுறா. அவனுக்குப் பெட்டி சொல்லுச்சோ என்னவோ, திரும்புனான். மேடையேறி அவ இடுப்புல மூணு சாட்டையவும் சுத்திட்டான். எலும்பு முறிஞ்ச சத்தம் கீழ வரைக்கும் கேட்டுச்சு. அவ விடல. அவன் கழுத்த ரெண்டு கையாலயும் கட்டிக்கிட்டு, கொப்பரை வாயப் பாத்து அவன அப்பிடியே மல்லாக்கச் சாச்சு, கூடவே விழுந்தா. சோடா கொட்டத் தூக்குன மூடி சங்கிலியில மேல தொங்குச்சு. உள்ள பாதித் தண்ணி இன்னும் கொதிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு.

அவன் கீழ, அவ மேல. அவன் உள்ள வெந்துக்கிட்டே அவளப் பிடிச்சு ஏறப் பாக்குறான். அவ தலையும் ஒரு கையும் வெளிய தெரியுது. வெள்ளத்தாயி ரத்தக் கையோட மேடையேறி ஓடியாந்து அந்தக் கையப் பிடிச்சா. இழுத்துறலாம்னு நெனச்சா. இழுத்தா அவனும் சேந்து வாரான்.

கருத்தம்மா அவ மூஞ்சிய நேராப் பாத்தா. ஆறு வருசத்துக்குப் பொறவு பேசுனா.

“ஏட்டி வெள்ளத்தாயி. கைய விடு. மூடியப் போடுட்டி.”

“மதினி...”

“எந்தம்பி தொங்குறாம்ட்டி. போடு.”

கைய விட்டா. சங்கிலிய அவுத்தா. மூடி எறங்குச்சு. விளிம்புல பிடிச்சிருந்த சாட்டை ரெண்டும் துண்டாகிக் கீழ விழுந்து துடிச்சுச்சு. வெள்ளத்தாயி மூடி மேல ஏறி ஒக்காந்து, தோலு உரிஞ்ச கையாலயும் இருக்குற மூணு விரலாலயும் நட்டு ஒண்ணொண்ணா இறுக்குனா. பொறவு கீழ எறங்கிப் போயி அடுப்புல வெறகத் தள்ளுனா. உள்ள இடிக்குற சத்தம் செத்த நேரம் கேட்டுச்சு. அது நிக்குற வரைக்கும் வெறகு போட்டா. நின்ன பொறவும் போட்டா. 

அப்பறம்தான் கொட்டகைக்குப் போயி புருசன எறக்குனா. உசுரு இருந்துச்சு. ஒரு காலு மட்டும் வெறகுக் குச்சி கணக்காக் காஞ்சு போச்சு. பிந்தி அத எடுத்துட்டாக. “அக்கா எங்க?”ன்னான். அவ அவன் வாயில கஞ்சிய ஊத்துனா.

அன்னைக்குச் சாயங்காலமே சத்திரப்பட்டிப் பட்டறைகளுக்கெல்லாம் சேதி போயிட்டு. எந்தப் பட்டறையில சோடா இல்ல? லாரியில தண்ணித் தொட்டியக் கட்டி, சோடாவக் கரைச்சு, மோட்டாரு வச்சுப் பீச்சிக்கிட்டே போனாக. ராசபாளையம் முடிஞ்சது, சீவில்லிபுத்தூரு முடிஞ்சது. கடைசியில பிளவக்கல் அணையில நின்ன அந்தச் சிப்பிக்குள்ள டின்னு டின்னாக் கொட்டி மூடுனாக. அணையில மெழுகு கோடைக்குக் கோடை பாறையா வெடிச்சுக் கெடக்கும். ஆடு கூட மோந்து பாக்காது.

வெள்ளத்தாயி தொண்ணூத்தாறு வரைக்கும் வெளுக்குற வேலைதான் பாத்தா. நடுவுல மெட்ராஸ்ல இருந்து அதிகாரிமாரு வந்து சால்வை போத்தி, எப்பிடித் திட்டம் போட்டீங்கன்னு கேட்டாக. “வாளிகிட்டக் கேளுங்க”ன்னுட்டு வேலையப் பாக்கப் போயிட்டா. பொளந்த வாளி அவ வீட்டு மண்சுவத்து மேல கவுந்து கெடக்கும். சண்ட போட ஆளில்லாம அவளுக்குப் பேச்சே கொறஞ்சு போச்சு. பால்பாண்டி எதுத்துப் பேசுற சாதியில்ல.

இதெல்லாம் பிந்தி நடந்தது. கருத்தம்மா செத்த மறுநா காலையில வெள்ளத்தாயி என்ன செஞ்சா, அதத்தான் சொல்லணும்.

கொப்பரை ஆறுன பொறவு மூடியத் தொறந்தாக. மதினியில மிஞ்சுனத ஒரு புது பேண்டேசுத் துணியில அள்ளி வச்சாக. பொம்பளை செத்தா பொறந்த வீட்டுக் கோடிச் சேலை விழணும். அது விழாமப் பொணத்த எடுக்க முடியுமா? பொறந்த வீடுன்னா பால்பாண்டி. அவன் கெடையில கெடக்கான். சோடா ஏத்திக்கிட்டு சீவில்லிபுத்தூருக்குப் போற லாரியில வெள்ளத்தாயி ஏறி உக்காந்துட்டா, கையில சுத்துன துணியில ரத்தம் சொட்டச் சொட்ட. அங்க இன்னும் சண்டை ஓயல. ஒரு தெருவுல சோடாவப் பீச்சுறாக, அடுத்த தெருவுல வழுக்கன் அலறுறான். அவ பொணங்களத் தாண்டி நேரா அந்த ஜவுளிக் கடைக்குப் போனா. அவ ஆத்தா முப்பது ரூவாய்க்கு எடுத்தாளே, அதே கடை. கடைக்கார தவசிமுத்து பலகைக்குப் பின்னால ஒளிஞ்சு கெடந்தாரு. கதவ ஒதச்சே தொறந்தா.

“கோடிக்குச் சேலை வேணும்.”

“யாருக்குத்தா?”

“எம் மதினிக்கு.”

“புருசன் இருக்காரா?”

“இல்ல.”

அவரு வெள்ளச் சேலைய எடுத்தாரு. “இது என்னத்துக்கு?”ன்னா.

“தாலியறுத்தவுகளுக்கு வெள்ளைதான தாயி போடணும். ஊரு ஒண்ணு சொல்லும்லா.”

“சொல்றவன் எவன்னு அந்தக் கொப்பரைக்கிட்டக் கூட்டிட்டு வாரும். பேசுவோம். அந்தா மேல இருக்குல்லா, செவப்பு, சுந்தரபாண்டியம் தறி, அரக்குக் கரை. அத எடும்.”

எடுத்துப் போட்டாரு. அவ முந்தியில எச்சியத் தொட்டு அழுத்தித் தேச்சுப் பாத்தா. சொம்புல தண்ணி வாங்கி ஒரு மூலைய முக்கிப் பிழிஞ்சா. தண்ணி தெளிவா விழுந்துச்சு. இன்னொரு தடவையும் பிழிஞ்சா.

கைக்கட்டுல ரத்தத்தப் பாத்துட்டு அவரு, “வழுக்கனக் கொன்னவ நீதான்னு லாரிக்காரன் தெருவுல கத்துனது கேட்டுச்சு. சும்மா கொண்டு போத்தா”ன்னாரு.

“சும்மா வாங்குனது கோடியாவுமா? வெலையச் சொல்லும்.”

கல்யாணச் சீருல இருந்து கத்திரிக்கா வரைக்கும் பேரம் பேசாம ஒண்ணு வாங்குனதில்ல அவ. அன்னைக்கு அவரு சொன்னத அப்பிடியே குடுத்தா. முன்னூத்தி நாப்பது ரூவா.